திமிங்கலத்துக்கு கேரண்டி கொடுக்க இவர்கள் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போடுகிறவர்கள் அதையும் போட வேண்டாம்.

எங்கள் பகுதி ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றுலா அறிவிப்பு வந்திருக்கிறது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம், ஐந்து நாள் இலங்கை. கண்டி, நுவரெலியா, கடைசி நாள் தெற்கே மிரிஸ்ஸ கடற்கரை, அதிகாலைப் படகில் நீலத் திமிங்கலம். ஏப்ரலில் பயணம். இதுவரை குறை ஒன்றும் இல்லை. கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: "திமிங்கலம் 100 சதவீதம் கேரண்டி. மிக மிக அருகில். இல்லையென்றால் படகுப் பணம் வாபஸ்." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. டூர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "சார் டூரைக் கெடுக்கப் பார்க்கிறார்" என்று குழுவில் இப்போதே ஒருவர் ஆரம்பித்துவிட்டார். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டட்டும்.

கடலில் திரிகிற ஒரு காட்டு உயிருக்கு ஒரு மனிதன் எப்படி கேரண்டி கொடுக்க முடியும்? நம் வெக்காளியம்மன் கோயிலில்கூட வேண்டுதலைச் சீட்டில் எழுதி சூலத்தில் கட்டிவிட்டு வருகிறோம். நடத்திக் கொடு தாயே என்று கேட்கிறோம், நடக்காவிட்டால் பணம் வாபஸ் என்று எழுதுவதில்லை. ஆனால் கேரண்டி என்று எழுதிவிட்டால் அதை நிறைவேற்றியாக வேண்டும். நிறைவேற்ற வேண்டியவர் எழுதியவர் அல்ல. அவர் தில்லைநகரில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார். நிறைவேற்ற வேண்டியவர் மிரிஸ்ஸவில் சுக்கான் பிடிக்கிற ஆள். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஊதல் தெரிந்த இடத்தை நோக்கி எஞ்சினை முறுக்க வேண்டியது.

போன பிப்ரவரியில் நான் இந்தப் படகில் போயிருக்கிறேன். ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். வயிற்றைப் புரட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, ஒரு பொட்டலம் பிஸ்கட், ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட். எட்டு மணிக்கு மேல் வலது பக்கத்தில் ஒரு ஊதல் எழுந்தது. நல்ல தூரம். வெள்ளைத் தூண் மாதிரி நின்று மெல்லக் கரைந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் "ஆ" என்றார்கள். நியாயமாக அந்த நாளின் பலன் அங்கேயே கிடைத்துவிட்டது. ஆனால் அடுத்த ஐந்து நிமிடத்தில் எங்கள் படகையும் சேர்த்து ஒன்பது படகு அந்தத் திசைக்குத் திரும்பியது. நான் எண்ணினேன். ஒன்பது. இரண்டு படகு முன்னால் போய் வழியை மறித்துக்கொண்டது. அந்தத் திமிங்கலம் மூன்றே மூன்று மூச்சு விட்டது. முதுகு வளைந்தது, வால் மேலே வந்தது, போய்விட்டது. படகே கைதட்டியது.

கைதட்டியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வால் மேலே வந்தால் அது ஆழத்துக்குப் போகிறது என்று அர்த்தம். பத்துப் பதினைந்து நிமிடம் மூச்சடக்கி இரை தேடப் போகிற பிராணி அது. அதற்கு முன் மேலே மிதந்து பல மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டப்பந்தயம் ஓடி வந்தவனை மூச்சு வாங்கவிடாமல் மறுபடி ஓடச் சொன்னால் எப்படி? 34 வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவன் நான். நுரையீரல் பாடத்தை இதைவிட எளிமையாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து நின்று, "இன்னும் கிட்டப் போகச் சொல்லுங்க, காசு கொடுத்திருக்கோம்ல!" என்று சத்தம் போட்டார். ஊரில் மேடை ஏறினால் புறாவுக்காகத் தன் தொடையை அறுத்துக் கொடுத்த சிபியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். செம்பியன் வழி வந்த ஊர் நம் உறையூர் என்று முடிப்பார். நன்றாகவே பேசுவார், நானே கைதட்டியிருக்கிறேன். சிபி கதை மேடையோடு சரி போலிருக்கிறது.

நான் படகுக்காரப் பையனிடம் தள்ளி நிறுத்தச் சொன்னேன். மலையகத்துப் பையன், தமிழ் தெரியும். "நாங்க நின்னா மத்த போட்டு போயிரும் சேர். நாளைக்கு ஆளும் அந்த போட்டுக்குத்தான் போகும்" என்றான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. திமிங்கலம் பார்க்கும் படகுகளுக்கு இலங்கை அரசு 2012-லேயே விதிமுறை கொண்டுவந்துவிட்டது. படகு 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மறிக்கக் கூடாது, துரத்தக் கூடாது. ஆனால் கரையிலிருந்து பல மைல் தள்ளி, ஒவ்வொரு படகுக்குப் பின்னாலும் எந்த அதிகாரி போவார்? அந்த இடத்தில் விதியைக் காப்பாற்றக்கூடிய ஆள் ஒருவர்தான் இருக்கிறார். டிக்கெட் வாங்கிய ஆள். அவரே "கிட்டப் போ" என்றால் சட்டம் கரையில் காகிதமாகக் கிடக்க வேண்டியதுதான்.

"100 மீட்டரில் என்ன சார் தெரியும்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி, பதில் சொல்கிறேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கிற டவுன் பஸ் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்கள். கிட்டத்தட்ட அந்த நீளம் இருக்கும் அந்த உயிர். அது விடும் மூச்சு இரண்டு மூன்று மாடி உயரம் எழும். இதைப் பார்க்க 100 மீட்டர் போதாது என்றால் போக வேண்டிய இடம் கண் ஆஸ்பத்திரி. மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே நின்று காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் பார்க்கிறோம். சில கிலோமீட்டர் தூரம். அழகாக இல்லை என்று யாராவது சொன்னதுண்டா? அரங்கனைச் சேவிக்கப் போனால் கர்ப்பக்கிருகத்துக்குள் புகுந்து தொட்டுப் பார்த்தால்தான் தரிசனம் என்று எவரும் அடம்பிடிப்பதில்லை. எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்த ஜனங்கள்தான் நாம். கடலுக்குப் போனால் மட்டும் அது மறந்துபோகிறது.

இன்னொரு வாதம், படித்தவர்கள் வாதம்: "பெரிய பெரிய சரக்குக் கப்பல்கள் திமிங்கலத்தை இடித்துக் கொல்கின்றன, எங்கள் சின்னப் படகு என்ன செய்துவிடும்?" பாதி உண்மை. இலங்கையின் தென்முனையை ஒட்டித்தான் உலகத்தின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. தெய்வேந்திரமுனை, நம் பழைய பெயரில் தென்னாவரம். 1588-ல் போர்த்துகீசியர் இடித்த கோயில் இருந்த ஊர். அங்கே கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். அதனால் இரை சேர்கிறது, இரைக்காகத் திமிங்கலம் சேர்கிறது, அதே இடத்தில் கப்பலும் போகிறது. கப்பல் பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் வருடக்கணக்காகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் இது. கடைசியில் 2022-ல் எம்.எஸ்.சி. என்ற உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் கம்பெனி, யாரும் கட்டாயப்படுத்தாமலே தன் கப்பல்களை ஏறக்குறைய 15 கடல் மைல் தள்ளிப் போகச் சொல்லிவிட்டது.

15 கடல் மைல் என்றால் கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். லாபத்துக்காக மட்டுமே கப்பல் ஓட்டுகிற ஒரு கம்பெனி 28 கிலோமீட்டர் விலகிப் போகிறது. இயற்கையை நேசிக்கிறேன் என்று சொல்லி டிக்கெட் வாங்குகிற நாம் 100 மீட்டர் விலகி நிற்க மாட்டோம். இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

சின்னப் படகு என்ன செய்யும் என்பதற்கும் பதில் இருக்கிறது. இந்தத் திமிங்கலங்கள் வேடந்தாங்கல் பறவை மாதிரி சீசன் முடிந்ததும் வேறு நாட்டுக்குப் போய்விடுபவை அல்ல. மற்ற நீலத் திமிங்கலங்கள் கோடையில் துருவக் குளிர்க்கடலுக்கு இரை தேடிப் போகும். இவை அப்படிப் போவதில்லை. இந்தியப் பெருங்கடலின் இந்த வடபகுதிதான் இவற்றுக்கு வீடு, அடுப்படி, பிரசவ அறை எல்லாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தினமும் காலையில் அதே அடுப்படிக்குள் படகுகள் நுழைந்தால் எங்கே போகும்? அதன் உலகம் கண்ணால் ஆனதும் அல்ல. நம் காதுக்குக் கேட்காத அடித்தொண்டைச் சத்தத்தில் ஒன்றோடொன்று பேசுகிற ஜாதி. ஒன்பது எஞ்சினுக்கு நடுவே அது என்ன பேசும், எதைக் கேட்கும்?

மிச்சம் இருப்பதே கொஞ்சம். 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்த வடபகுதிக் கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைக் கொன்றன. சட்டவிரோதமாக, கணக்கை மறைத்து. சோவியத் உடைந்த பிறகுதான் உண்மைக் கணக்கு வெளியே வந்தது. 1979-ல் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலங்களுக்கான சரணாலயமாக சர்வதேசத் திமிங்கல ஆணையம் அறிவித்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தூக்குகிற உயிர்கள் இவை. ஈட்டி போய் செல்போன் வந்திருக்கிறது. ஈட்டியும் செல்போனும் ஒன்றல்ல, எனக்கும் தெரியும். ஆனால் இரண்டையும் பிடித்திருப்பவன் துரத்திக்கொண்டுதான் வருகிறான்.

படகுக்காரர்களின் பிழைப்பைப் பற்றியும் பேச வேண்டும். ஏனென்றால் என்னைத் திட்டுகிறவர்கள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். 2009-ல் போர் முடிந்த பிறகுதான் அந்தக் கடற்கரையில் இந்தத் தொழில் பெருகியது. மீன் பிடித்தவர்கள் கடனை உடனை வாங்கி இரண்டு தட்டுப் படகு கட்டினார்கள். 2019-ல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு. ஆட்கள் வரவில்லை. 2020-ல் கொரோனா. 2022-ல் நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்றது. இத்தனை அடி வாங்கியவர்களிடம் போய் நான் ஒழுக்கம் போதிக்கத் தயாராக இல்லை. அவர்கள் பிழைக்க வேண்டும். அதற்காகவே சொல்கிறேன்: துரத்தத் துரத்த அந்த உயிர் இடத்தை விட்டு விலகிப் போய்விட்டால், கடன் வாங்கிக் கட்டிய படகை வைத்துக்கொண்டு அந்தப் பையன் என்ன செய்வான்? பொன் முட்டை வாத்துக் கதையை மூன்றாம் வகுப்பில் படித்துவிட்டுத்தானே எல்லாரும் ரிட்டையர் ஆகியிருக்கிறோம்?

கிட்டப் போனால் 500 ரூபாய் டிப்ஸ் கொடுக்கிறவர், தள்ளி நிறுத்தினால் அதே 500 ரூபாயைக் கொடுக்கலாமே. ஒரு படகில் நாற்பது பேர் ஒரே குரலில் "போதும், எஞ்சினை நிறுத்து" என்றால் அவன் நிறுத்துவான். அவனுக்கு வேண்டியது கூலியும், மறுநாள் வருகிற ஆளும். இரண்டும் நம் கையில் இருக்கிறது. மிரிஸ்ஸவிலேயே விதிப்படி ஓட்டுகிற படகுக்காரர்களும் உண்டு. கேரண்டி கேட்கிற நம்மாட்கள் அவர்களைத் தேடிப் போவதில்லை, அவ்வளவுதான்.

அந்த நாளில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் எது என்று கேட்டால் பறவைகள்தான். திமிங்கலம் முங்கிய பிறகு எல்லாரும் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய மரப்பலகை அலையில் மிதந்து வந்தது. அதன்மேல் நான்கு ஆலாக்கள், ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்த மாதிரி. கரையே கண்ணுக்குத் தெரியாத இடம். பலகை ஏறி இறங்குகிறது, அவையும் ஏறி இறங்குகின்றன, ஒன்றும் பறக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு பெருங்கூட்டம் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தது. ஆலா விழும் இடத்தில் வலை போடு என்பது மீனவனுக்கு அப்பன் சொல்லிக் கொடுத்த பாடம். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "காக்கா மாதிரிதானே சார் இருக்கு" என்றார். பறவைக்கு யாரும் கேரண்டி எழுதாதது அவற்றின் அதிர்ஷ்டம்.

நம் ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்கிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பக்கத்தில் கொள்ளுகுடிப்பட்டி. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். பிள்ளைகள் கையில் பட்டாசு இல்லாத தீபாவளியை வருடா வருடம் கொண்டாடுகிறார்கள். யாரும் அவர்களுக்குப் பேச்சுப் போட்டி வைத்துச் சொல்லித்தரவில்லை. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. அங்கத்து மீனவர்கள் வேலையை விட்டுவிட்டு, கயிறு கட்டிப் படகால் இழுத்துக் கடலுக்குள் விட்டார்கள். திரும்பத் திரும்ப அவை கரைக்கே வந்தன, திரும்பத் திரும்ப இழுத்துப் போனார்கள். 45 செத்துப்போயின. 1973 ஜனவரியிலும் அதே கரையில் இதே மாதிரி 147 ஒதுங்கியிருக்கின்றன. யார் கேரண்டி கொடுத்து அந்த மீனவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள்?

இப்போது நம்மூரிலும் சிலர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், மன்னார் வளைகுடாவில் ஓங்கில் காட்டும் படகு விடலாமே, பாக் விரிகுடாவில் கடல் பசு காட்டலாமே என்று. ஒடிசாவில் சிலிகா ஏரிக்குப் போய்ப் பாருங்கள். சாத்தபடாவில் மோட்டார் படகுகள் ஓங்கில்களை எப்படிச் சுற்றி வளைக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். கடல் பசுவுக்காக 2022-ல் நம் அரசு 448 சதுர கிலோமீட்டரை ஒதுக்கியிருக்கிறது. உருப்படியான காரியம். அங்கே முதல் படகு இறங்குவதற்கு முன் விதி இறங்க வேண்டும், விதியைப் பார்த்துக்கொள்ள ஆள் இறங்க வேண்டும். படகு வந்த பிறகு விதி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மிரிஸ்ஸவே சாட்சி.

சரி, ஏப்ரல் பயணத்துக்கு வருகிறேன். ஏற்பாட்டாளர் தம்பிக்கு என் யோசனை இது. ஏப்ரலில் தெற்குக் கடலில் சீசன் முடிகிற நேரம், கிழக்கில் தொடங்கியிருக்கும் நேரம். கடைசி நாளை மிரிஸ்ஸவிலிருந்து திருகோணமலைக்கு மாற்றுங்கள். கோணேஸ்வரம் கோயில் நிற்கிற சுவாமி மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பாறை. அடியிலேயே கடல் பாதாளம். அந்தப் பாறை மேலிருந்தே திமிங்கலத்தின் ஊதலைப் பார்க்கலாம். 1980-களில் ட்யூலிப் என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் திமிங்கலங்களைப் பார்த்து எழுதி வைத்த கடல் அதுதான். நம் குழுவில் பாதிப் பேருக்கு முட்டி வலி, மூன்று பேருக்குப் படகு ஏறினாலே வாந்தி. கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, கைப்பிடிச் சுவர் ஓரம் உட்கார்ந்து, கடலைப் பார்ப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? தெரிந்தால் தெரிகிறது. தெரியாவிட்டால் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

இல்லை, படகுதான் வேண்டும் என்று பெரும்பான்மை முடிவு செய்தால் அதற்கும் தடை சொல்லவில்லை. அறிவிப்பில் இருக்கிற அந்த கேரண்டி வரியை எடுக்க வேண்டும். 100 மீட்டர் விதியைத் தமிழில் அச்சிட்டு ஏறும்போதே ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று படகு நிற்கிற இடத்துக்கு நம் படகு போகக் கூடாது என்று படகுக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். தள்ளி நிறுத்துகிற படகுக்காரருக்கு டிப்ஸாக நான் ஒருவனே 2000 ரூபாய் போடுகிறேன், மிச்சத்தை நீங்கள் போடுங்கள்.

தம்பியின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். வரி நீங்கினால் என் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம், நீங்காவிட்டால் வேண்டாம். திருகோணமலை என்று முடிவானால் இன்னொரு செய்தி: என்னிடம் பைனாகுலர் இரண்டு இருக்கிறது. ஒன்றை முறை வைத்து எல்லாரும் பார்க்கலாம். இன்னொன்று ஆலா பார்க்க, அதைத் தர மாட்டேன்.